விளிம்பில் பல் தடம்

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மக் சாய்ந்தது.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்குகிற ஆள் எப்படிச் சாய்வான், அப்படி. முதலில் பிடி இருந்த பக்கம். அப்புறம் வாய். அப்புறம் மொத்தமும் செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டது. என் கையில் புளோ லாம்ப் தீயைச் சீறிக்கொண்டே இருந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி கிடந்தது. பளபளவென்று இருந்தது. மக்காக இருந்தபோது ஒருநாளும் அது அப்படி மின்னியதில்லை.

என் மனைவி கஸ்தூரி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை மட்டும் நீட்டினாள்.

"இன்னாயா, தட்டற சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா மூஞ்சி ஏன் இப்டி கீது?"

லாம்பை அணைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. ராயபுரத்தில் சர்ச் மணி அடித்துக்கொண்டிருந்தது. மக்கின் சொந்தக்காரர் அந்த நேரத்துக்குப் பூசையில் உட்கார்ந்திருப்பார்.

எடைக்கு எடை

போன வாரம் இதே பக்கத்தில், எண்ணூரில் கிடைத்த இரும்பு தோசைக்கல்லைப் பற்றி எழுதினேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார். கூலி வேலை செய்தவன் வீட்டில் இவ்வளவு சாமான் எப்படி வந்தது, திருடினாயா என்று. நியாயமான கேள்விதான். சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூரில் பித்தளை வார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. உருக்குகிற ஆள் வேறு. நான் உடைக்கிற ஆள். எவர்சில்வர் வீட்டுக்குள் வந்ததும் பித்தளை வெளியே கிளம்பிவிட்டது. குடம், கூஜா, அண்டா, தாம்பாளம் என்று மூட்டை மூட்டையாக வரும். சம்மட்டியால் தட்டி அப்பளமாக்கி உலைக்கு அனுப்ப வேண்டும். தட்டாமல் போடக் கூடாது. உள்ளே எங்கேயாவது ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கியிருந்தால் வெடிக்கும். எங்கள் பட்டறையில் ஒருவருக்கு இரண்டு புருவமும் அப்படித்தான் போனது.

உடைப்பதில் ஒரு முறை உண்டு. பாத்திரத்தில் பெயர் வெட்டியிருந்தால் முதல் அடி பெயர்மேல் விழ வேண்டும். திருட்டுச் சாமான் என்று யாராவது தேடிக்கொண்டு வந்தால் அங்கே பெயர் இருக்கக் கூடாது. யாரும் எனக்கு இதை உட்காரவைத்துச் சொல்லவில்லை. முதல் நாளே பக்கத்து ஆள் அடிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் ஐந்தாவது வரை. பெயர் படிக்க அது போதும். அடிக்கும் முன் படிப்பேன். 'மரகதம் அன்பளிப்பு.' அடி. 'சி. பாப்பம்மாள்.' அடி.

ஒருநாள் சின்னக் கூஜா ஒன்று வந்தது. 'லட்சுமிக்கு மாமன் சீர்' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. சம்மட்டியை ஓங்கிவிட்டேன். இறக்க முடியவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் லட்சுமி என்று யாரும் கிடையாது.

முதலாளியிடம் போய் நின்றேன். அவர் கூஜாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதே எடைக்கு வேற பித்தளைய போட்டுட்டு எடுத்துகினு போ" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தெருவில் நடக்கும்போது என் கண் தரையில்தான் இருக்கும். உடைந்த குழாய், வால்வு, கதவுக் கொண்டி, தேய்ந்த சாவி. ரயில் பாதை ஓரம், குப்பை மேடு, வீடு இடிக்கிற இடம், எதையும் விட மாட்டேன். ஒரு சாமானுக்கு எடை சேர ஒரு மாதம் ஆகும். சில சமயம் இரண்டு. எடைக்கு எடை போட்டுத்தான் எடுத்து வந்தேன். கேட்டவருக்கு இதுதான் பதில்.

கல்மண்டபம் பக்கம் ஒரே ஒரு அறையில் எங்கள் குடித்தனம். நான்கு சுவரிலும் ஆணி அடித்தேன். ஆணிக்கு ஒன்றாகத் தொங்கும். கஸ்தூரிக்கு அதில் கோபமும் உண்டு, விளையாட்டும் உண்டு.

"மனுஷன் காலு நீட்ட எடமில்ல. கூஜாவுக்கு மட்டும் செவுரு கேக்குது" என்பாள். ஆனால் தீபாவளிக்கு முன்னால் அவள்தான் புளியும் சாம்பலும் போட்டு எல்லாவற்றையும் தேய்ப்பாள். எந்த ஆணியில் எது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கண்ணைக் கட்டினால் தெரியும்

எனக்குத் திமிர் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

என் கண்ணைத் துண்டால் கட்டி ஒரு சாமானைக் கையில் கொடுத்தால் என்ன உலோகம் என்று சொல்லிவிடுவேன். நகத்தால் ஒரு தட்டு. பித்தளை கொஞ்ச நேரம் பேசும். வெண்கலம் அதைவிட அதிக நேரம் பேசும். இரும்பு ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளும். செம்பு கையில் ஒரு வாசனையை விட்டுப் போகும். டீக்கடையில் என்னை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். தோற்றவன் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். நான் டீ வாங்கியதே இல்லை.

தாவூது பாய் மட்டும் இதற்குச் சிரிப்பார். கப்பலில் கழித்துப் போட்ட சாமான்களை விற்கும் சின்னக் கடை அவருடையது. எங்கள் தெரு திரும்பும் இடத்தில் இருந்தது. விளக்கு, கயிறு, கப்பல் கடிகாரம், கால் உடைந்த நாற்காலி என்று வாசல் வரை அடைத்து வைத்திருப்பார்.

"மாமு, நீ பாத்தது பட்டறைக்கு வந்த சாமான்தான். கடல்ல இருந்து வர்றத பாத்ததில்ல. ஒருநாள் மாட்டுவ" என்பார்.

"மாட்டுனா நான் டீ வாங்கித் தரேன் பாய்."

"டீயோட போச்சுன்னா சந்தோசம்" என்றார்.

டீயோடு போகவில்லை.

ஸ்டெல்லா கொண்டுவந்தது

சுனாமிக்கு நான்கைந்து வருஷம் முன்பு இருக்கும். என் மகள் செல்விக்கு அப்போது நாலு வயசு. அதை வைத்துத்தான் எனக்குக் காலம் தெரிகிறது.

எங்கள் சந்திலேயே நாலாவது வீடு ஸ்டெல்லாவுடையது. காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். அப்பா சவரிமுத்து ஹார்பரில் லாஞ்ச் படகு ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நடக்கிற சத்தத்தை வைத்தே யார் போகிறது என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நான் கேள்விப்பட்ட வரைக்கும் அவர் பெயரைத் தப்பாகச் சொன்னதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா வந்தாள். முந்தானையில் ஒரு மக்கைச் சுற்றி வைத்திருந்தாள். இன்னொரு கையில் அதன் பிடி.

"அண்ணே, இத்த ஒட்டிக் குடு. கழுவறப்ப புட்டுகிச்சு."

"வெச்சிட்டுப் போ. பாக்கறேன்."

"பாக்கறேன்லாம் வாணாம். சீக்கிரம் ஓணும். நைனா இத்த வுட்டா வேற எதுலயும் டீ குடிக்க மாட்டாரு. காலைல டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன். இது யாரு வூட்டு டீன்னு கேக்குறாரு."

மக்கை வாங்கிப் பார்த்தேன். சாம்பல் நிறம். கனம். அடியில் சின்ன நங்கூரம் ஒன்று பதித்திருந்தது. மழைக்காலத்தில் ஒரு கப்பல்காரரை லாஞ்சில் பத்திரமாகக் கரை சேர்த்தாராம் சவரிமுத்து. அவர் தன் அறையிலிருந்து எடுத்துக் கொடுத்த மக். அன்றிலிருந்து டீ அதில்தான்.

விளிம்பில் விரல் வைத்தேன். இரண்டு பள்ளம். அரிசி அளவுக்கு, பக்கத்தில் பக்கத்தில்.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த மட்டும் தொடாத அண்ணே. தேய்க்காத. பாலீஷ் போடாத. பிடிய ஒட்டு, அவ்ளோதான்."

"இன்னா அது?"

"அந்தோணி பல்லு."

அந்தோணி அவள் தம்பி. எனக்கும் தெரிந்த பையன்தான். சந்தில் போகும்போது சுவரைத் தட்டிக்கொண்டே போவான். இருபத்திரண்டு வயசில் காசிமேட்டிலிருந்து படகில் போனான். காற்றில் மாட்டிக்கொண்டு மூன்றாம் நாள் படகு வந்தது. மற்றவர்கள் வந்தார்கள். அவன் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய ஒன்றும் இல்லாததால் அவனுக்குப் பூசை மட்டும்தான் வைத்தார்கள். கஸ்தூரியும் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"கொயந்தைல மொத ரெண்டு பல்லு வந்தப்ப கடிச்சது" என்றாள் ஸ்டெல்லா. "நைனா டீ குடிக்கறப்ப மடில உக்காந்துகினு மக்க இஸ்து கடிச்சிட்டான். அவரு கட்ட வெரலு எப்பவும் அங்கதான் கீது. குடிச்சி முடிச்சாலும் கீய வெக்க மாட்டாரு. அத்த தடவிகினே கெடப்பாரு."

நான் மக்கை நகத்தால் தட்டினேன். சத்தம் மந்தமாக வந்தது. பிடி உடைந்ததால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

"ஜெர்மன் சில்வர்" என்றேன். "அரை மணி வேல. நாளைக்குப் பூசைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள ரெடியா இருக்கும்."

அவள் போன பிறகு யோசித்திருக்கலாம். ஜெர்மன் சில்வர் பித்தளையைவிடக் கெட்டி. குழந்தை பல் அதில் எப்படிப் பதியும்? மந்தமான சத்தம் ஒரு தடவை சொன்னது. பல் தடம் இன்னொரு தடவை சொன்னது. நான் சொல்லிவிட்டேனே, ஜெர்மன் சில்வர் என்று. அப்புறம் எதற்கு யோசனை?

காலையில் உலோகம் ஒட்டிப் பிடிக்க வெங்காரப் பொடியைத் தடவி, பித்தளைக்கு வைக்கிற சூட்டை அதற்கும் வைத்தேன். மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தாவூது பாய் சிரிக்கவில்லை

கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தாவூது பாய் கடைக்குப் போனேன். மேசைமேல் வைத்தேன். அவர் நகத்தால் கீறிப் பார்த்தார். கீறல் விழுந்தது.

"இது பியூட்டர் மாமு. ஈயத்துல கலந்து பண்றது. கப்பல்ல மக்கு, தட்டுன்னு வெச்சிருப்பானுங்க. சோறு கொதிக்கிற அடுப்புல காலியா வெச்சாலே படுத்துக்கும். நீ இன்னா வெச்ச?"

"புளோ லாம்ப்."

அவர் சிரிக்க வாயைத் திறந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"யாருது?"

"லாஞ்ச் சவரிமுத்து."

"அந்தப் பல்லு வெச்ச மக்கா?"

அவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. நான் பக்கத்தில் கிடந்த கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தேன். அவர் டீ சொன்னார். குடித்தேன். அன்றைக்கு டீ நான்தான் வாங்கியிருக்க வேண்டும். அவர் வாங்க விடவில்லை.

பிறகு உள்ளே போய்த் தேடினார். சாமான் சரியும் சத்தம் கேட்டது. ஒரு மக்கோடு வந்தார். அதே சாம்பல் நிறம். கொஞ்சம் சின்னது. பிடி கொஞ்சம் வளைவு அதிகம். அடியில் நங்கூரம் இல்லை. மற்றபடி அதே ஜாதி.

"இதுக்கு இன்னா ஓணும் பாய்?"

"உன்னாண்ட கீற இஸ்திரிப் பொட்டி."

அது என்னிடம் இருந்ததிலேயே நல்ல சாமான். கரி போட்டுத் தேய்க்கிற பித்தளைப் பெட்டி. மூடியைப் பூட்டும் கொண்டியில் ஒரு சேவல் நிற்கும். கழுத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். செல்வி தினமும் அதற்கு ஒரு பருக்கை சோறு வைப்பாள். நான்கு மாதம் பொறுக்கிய பித்தளையைக் கொடுத்து வாங்கினேன். அதைத் தாவூது பாய் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு கேட்டார்.

"சரி, மக்கு கெடச்சிது. பல்லுக்கு இன்னா பண்ணுவ?"

கமர்கட்

மூன்று நாள் ஸ்டெல்லாவுக்குச் சாக்கு சொன்னேன்.

"ஆச்சா அண்ணே?"

"காயணும்."

"இரும்பு சாமானுக்கு இன்னா காயறது? கருவாடா இது?"

"ஒட்டுனது காயணும்."

அவள் நம்பினாள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் சந்து வழியாகப் போகாமல் பின் சந்தில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். நேர் வழியில் போனால் சவரிமுத்து என் நடைச் சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

இந்த மூன்று நாளில் புது மக்கைப் பழசாக்கினேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். டீத்தூளைக் கொதிக்கவைத்து ஊற்றினேன். விளிம்பில் ஆணியை வைத்து ஒரு பள்ளம் தட்டினேன். ஆணி வைத்துத் தட்டியதுபோலவே இருந்தது. ராவித் தேய்த்து அதை அழித்தேன். மாம்பழக் கொட்டையைச் சீவி, அச்சு மாதிரி செய்து அழுத்திப் பார்த்தேன். பதியவே இல்லை. பல் பதிந்ததுபோல ஆக வேண்டும் என்றால் பல்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செல்வியைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, இத்த கடி."

"எதுக்கு?"

"சும்மா. கமர்கட் கடிப்பல்ல, அந்த மாதிரி. முன் பல்லால."

"கமர்கட் குடுப்பியா?"

"ரெண்டு."

கடித்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகம் சிவக்க, தலையை ஆட்டி ஆட்டிக் கடித்தாள். விளிம்பை வாங்கித் தடவினேன். பதிந்திருந்தது. நன்றாகவே பதிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கஸ்தூரி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள்.

"இன்னாயா பண்ற கொயந்தைய? கப்பல்ல கெடந்த கலீஜ வாயில வெக்கிற?"

குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் செல்வியின் வாயை மூன்று தடவை கொப்பளிக்கவைத்தாள். பிறகு என் எதிரே உட்கார்ந்தாள். முழுதும் சொன்னேன். அவள் மக்கை எடுத்துப் பார்த்தாள்.

"அவருக்குக் கண்ணுதான் போச்சு. கை போவலயே" என்றாள்.

மக்கை என் பக்கம் தள்ளினாள்.

"நெசத்த சொல்லிட்டுத் திட்டு வாங்கிகினு வாய்யா. திட்டுனா இன்னா, ரெண்டு நாளு வலிக்கும்."

"சொன்னா அவருக்கு அந்தப் புள்ள இன்னொரு தபா போய்டுவான்."

அவள் எழுந்து குடத்தை மூலையில் வைத்தாள். நான் சொன்னது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எனக்குப் பயம். உலோகம் தெரிந்தவன் என்று இருந்த பெயர் போய்விடுமே என்ற பயம். பெயர்மேல் அடிப்பது எனக்குப் பழகிய வேலை. என் பெயர் என்று வரும்போது கை வரவில்லை.

ஆனால் மக்கைக் கொடுக்கக் கிளம்பும்போது அந்தக் கட்டியையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியவில்லை.

இது யாரு பல்லு

சவரிமுத்து வாசலில்தான் இருந்தார். நான் பக்கத்தில் போவதற்குள்ளேயே என் பெயரைச் சொன்னார்.

"மூணு நாளா இந்தப் பக்கமே காணோம்?"

"வேல நைனா."

"வேல செய்றவன் செருப்பு பின் சந்து வயியா போவாதே" என்றார். பிறகு கையை நீட்டினார்.

ஸ்டெல்லா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம். "ஆயிடுச்சா அண்ணே?" என்றாள். நான் மக்கை அவர் கையில் வைத்தேன்.

அவர் பிடியில் விரலை நுழைத்தார். எடை பார்ப்பதுபோல ஒரு தடவை தூக்கி இறக்கினார். மக்கைக் கவிழ்த்து அடியில் கட்டை விரலை ஓட்டினார். நங்கூரம் இருக்க வேண்டிய இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விளிம்புக்கு வந்தது. மெல்லச் சுற்றி வந்து பல் தடத்தில் நின்றது.

தெருவில் ஒருவர் ஐஸ் வண்டி தள்ளிக்கொண்டு போனார். சக்கரம் கிறீச்சிட்டது.

"நாலு பல்லு கீது" என்றார்.

"இன்னா நைனா?" என்றாள் ஸ்டெல்லா.

"அந்தோணிக்கு அப்ப ரெண்டுதான்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். சத்தம் போடவில்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"இது யாரு பல்லு?"

"எம் பொண்ணு பல்லு."

கட்டியைப் பையிலிருந்து எடுத்து அவருடைய இன்னொரு கையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். நாலைந்து வார்த்தையில் முடிந்துவிட்டது. மூன்று நாள் அதைத்தான் சுமந்துகொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா கத்தினாள்.

"தொடாதன்னு சொன்னேனா இல்லியா? கையப் புடிச்சி சொன்னேனே அண்ணே! யாரு பேரோ எயுதுன கூஜாவ செவுத்துல மாட்டி வெச்சிகினு கீற. எங்க வூட்டு சாமான உருக்கிட்டு வேறத்த கொண்டாந்து குடுக்கற. கண்ணு தெரியாத மனுசன ஏமாத்த வந்தியா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் அழுதுகொண்டு உள்ளே போய்விட்டாள். சந்தில் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். சவரிமுத்து அந்தக் கட்டியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். கட்டை விரல் அதன்மேல் எல்லாப் பக்கமும் போய் வந்தது. எங்கேயும் நிற்கவில்லை.

"சூடா கீது" என்றார்.

"எம் பாக்கெட்ல இருந்துது நைனா."

தலையை ஆட்டினார். கட்டியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் சட்டை தொங்கியது. நான் நின்றுகொண்டிருந்தேன். போ என்று அவர் சொல்லாமல் போக முடியவில்லை.

"பொண்ணு பேரு இன்னா?"

"செல்வி."

"கடின்னு சொன்னதும் கடிச்சிட்டாளா?"

"கமர்கட் தரேன்னு சொன்னேன்."

அவர் உதடு ஒரு பக்கம் போனது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"அவனுக்கு நான் ஒண்ணும் குடுக்கல. சும்மாவே கடிச்சான்" என்றார்.

பிறகு உள்பக்கம் திரும்பினார்.

"ஸ்டெல்லா, டீ ஊத்து."

"எதுல?" என்று உள்ளேயிருந்து அழுகையோடு குரல் வந்தது.

"கைல கீற மக்குலதான்."

அதற்குப் பிறகு

ஸ்டெல்லா ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. கஸ்தூரியோடு பேசினாள். செல்விக்கு இறால் கொடுத்தனுப்பினாள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது அவள் நியாயம்.

டீக்கடைப் பந்தயத்தை நான் விட்டுவிட்டேன். யாராவது சாமானைக் கொண்டுவந்தால் ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். தெரியாவிட்டால் தெரியாது என்பேன். சொல்லப் பழகிவிட்டால் அது லேசான வார்த்தை.

மறுபடியும் நேர் வழியில் நடக்க ஆரம்பித்தேன். சவரிமுத்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மக் கையில் இருக்கும். முதலில் சில மாதம் பல் தடத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்திருப்பார். விரல் அதில் படாது. நான் அதைப் பார்த்துக்கொண்டே போவேன்.

மழைக்காலம் வந்து போன பிறகு ஒருநாள் பார்த்தேன். கட்டை விரல் அந்த நாலு பள்ளத்தின்மேல் இருந்தது. பக்கத்தில் செல்வி நின்றுகொண்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சேவலைத் தாவூது பாய் கொண்டுபோய்விட்டார் என்று புகார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிற்காமல் போய்விட்டேன்.

சுனாமி வந்த வருஷம் அவர் இருந்தார். அதற்கு மறு வருஷம் போனார். சவப்பெட்டியை மூடும் முன்பு ஸ்டெல்லா அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து அந்தக் கட்டியை எடுத்து வந்து பையில் போட்டாள். சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அதைச் சரி செய்தாள். பாதிரியார் எதுவும் கேட்கவில்லை. காசிமேடு கல்லறையில் அப்பாவையும் மகனையும் ஒரே குழியில் வைத்தோம் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்கு வந்தாள். முந்தானையில் அதே மாதிரி சுற்றி வைத்திருந்தாள்.

"பிடி கெட்டியா கீது அண்ணே. நீ ஒண்ணும் பண்ண வாணாம்" என்றாள்.

கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டெல்லாவும் சிரித்தாள். நான் மக்கை வாங்கிக்கொண்டேன்.

"இதுல கீறது உம் பொண்ணு பல்லு. எங்க வூட்ல எதுக்கு?" என்றாள்.

செல்விக்கு அதற்குள் அந்தப் பல் எல்லாம் விழுந்து வேறு பல் முளைத்துவிட்டது. இப்போது அவள் மஸ்கட்டில் நர்ஸ். வெள்ளிக்கிழமை போன் செய்வாள். லீவு கிடைத்தால் வருகிறேன் என்பாள்.

மக் அந்த இஸ்திரிப் பெட்டி இருந்த ஆணியில் தொங்குகிறது. நான் அதில் டீ குடிப்பதில்லை. தூசி தட்ட எடுப்பேன். எடுத்தால் கட்டை விரல் தானாகப் போய் விளிம்பில் உட்காரும்.

எண்ணிப் பார்ப்பேன். நாலும் இருக்கும்.